எண்ணிக்கையா? எண்ணமா?

பள்ளி ஆண்டின் தொடக்கம். என் வகுப்பிற்கு ஒரு மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள், போட்டியிட்டோர் நால்வர். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, "விரும்புவோர் கை தூக்குக" என்றேன். கைகள் எழுந்தன. எத்தனை எழுந்தன என்பதைவிட எப்படி எழுந்தன என்பதே என் கருத்தைக் கவர்ந்தது. முதல் வரிசையில் இரண்டு கைகள் உயர்ந்தன. பின்வரிசைக் கண்கள் அவற்றை அளந்தன. பிறகு நான்கு கைகள் உயர்ந்தன. நான்கைக் கண்டு பத்து உயர்ந்தன. பாதி வழி உயர்ந்து, பக்கத்தைப் பார்த்து, பையத் தாழ்ந்த கைகளும் உண்டு. ஊரறிந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் 27 கைகள் பெற்று வென்றான். மாணவி ஒருத்திக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று.

என் மனம் ஒப்பவில்லை. மறுநாள் துண்டுத் தாள்களைக் கொடுத்து, பெயரை எழுதி மடித்துத் தரச் சொன்னேன். அவனுக்கு 11; அவளுக்கு 18! பிள்ளைகள் மாறவில்லை, போட்டியிட்டோர் மாறவில்லை, இடையே ஓர் இரவு கழிந்தது, அவ்வளவுதான். மாலையில் ஒரு மாணவன் தானே வந்து, "நான் அவளுக்குத்தான் எழுதினேன், ஐயா" என்றான். "நேற்று ஏனப்பா கை தூக்கவில்லை?" என்றேன். "எனக்கு நேற்றும் விருப்பந்தான், ஐயா. மற்றவர்கள் தூக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்" என்றான்.

மற்றவர்கள்! அந்த ஒரு சொல் என்னை விடாமல் தொடர்ந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் பிறந்த அந்தச் சொல்லே, உலகின் வலிமை மிக்க நாடொன்றில், அறிவியல் உடை உடுத்தி, ஆயிரம் ஏடுகளில் அமர்ந்து, ஆளப்போகிறவர் யார் என்பதை அறுதியிட முயல்கிறது என்பதைப் படித்தறிந்தபோது, எழுதாமல் இருக்க இயலவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்காண்டுக்கு ஒரு முறை குடியரசுத் தலைவர் தேர்தல் நடக்கிறது. அங்கே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கே ஒரு தேர்தல் உண்டு. மாநிலம் மாநிலமாக மக்கள் வாக்களித்து, தம் கட்சிக்கு யார் வேட்பாளர் என்று முடிவு செய்கின்றனர். 'பிரைமரி' என்று அவர்கள் அழைக்கும் இதனை நாம் முதனிலைத் தேர்தல் எனலாம். இந்த உரிமை எளிதில் வந்ததன்று. 1968-ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரான ஹ்யூபர்ட் ஹம்ப்ரி, ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாமலே, கட்சித் தலைவர்களின் ஆதரவால் வேட்பாளரானார். மாநாடு கூடிய சிகாகோ நகரின் தெருக்களில் இளைஞர் கிளர்ந்தனர். காவல்துறையின் தடியடியில் குருதி சிந்தினர். அதன் பின்னரே கட்சியின் விதிகள் திருத்தப்பட்டன. 1972 முதல், மூடிய அறையின் முடிவுக்கு மாறாக முதனிலைத் தேர்தலின் முடிவே முதன்மை பெற்றது.

போற்றத்தக்க மாற்றம். ஆனால் தோழர்களே, மூடிய அறையின் கதவு திறந்ததும், திறந்த வாயிலில் இன்னொருவர் வந்து நின்றுகொண்டார். அவர்தாம் கருத்துக் கணிப்பாளர்!

முதல் முதனிலை வாக்குச் சீட்டு விழுவதற்கு ஓராண்டு, ஈராண்டு, ஏன், மூன்றாண்டு முன்பே இவர் புறப்பட்டுவிடுகிறார். நிற்பதாக அறிவித்தவர்களைப் பற்றி மட்டுமா கேட்கிறார்? நிற்கலாம் என்று பேசப்படுபவர், நிற்கமாட்டேன் என்று மறுத்தவர், எல்லாரையும் ஒரே பட்டியலில் அடுக்கி, "இன்றே தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்?" என்று கேட்கிறார். 2024 நவம்பர் 5-இல் ஒரு தேர்தல் முடிந்தது. சில வாரங்களுக்குள்ளாகவே 2028-க்கான கணிப்புகள் வெளிவந்தன. ஜனநாயகக் கட்சியினரிடையே எடுத்த அந்த முதற்கணிப்புகளில் முன்னின்றவர், அப்போதுதான் தோல்வியுற்றிருந்த வேட்பாளரான கமலா ஹாரிஸ். ஏன்? ஓராயிரம் மேடைகளில் ஒலித்த அவர் பெயர் மக்கள் செவியை விட்டு இன்னும் அகலவில்லை. அவர் தகுதியை உயர்த்தியோ தாழ்த்தியோ நான் இதைக் கூறவில்லை. அந்த வாரத்தில் எவரையேனும் தெருவில் நிறுத்திக் கேட்டால், முதலில் நாவில் வரும் பெயர் அதுவாகத்தான் இருக்கும் என்பதையே கூறுகிறேன்.

கணிப்பு என்பதே பொய் என்று ஒதுக்கிவிடலாமா? அது பகுத்தறிவாகாது. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் பாட்டிமார் கண்டறிந்த உண்மைதான் இந்தக் கலையின் அடிப்படை. ஆனால் அந்தப் பழமொழியில் சொல்லாமல் சொன்ன நிபந்தனைகள் இரண்டு உண்டு. பானை நன்கு கிளறப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. அரிசி உலையில் கொதித்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் நிபந்தனையை மறந்தவர் பட்ட பாட்டை 1936-ஆம் ஆண்டு காட்டிற்று. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்றோர் ஏடு. முந்தைய தேர்தல்களில் சரியாகக் கணித்துப் பெயர் பெற்றிருந்தது. அவ்வாண்டு ஒரு கோடிச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. ஏறத்தாழ 24 இலட்சம் பேர் விடை எழுதினர். குடியரசுக் கட்சியின் ஆல்ஃப்ரட் லாண்டன் நூற்றுக்கு 57 பெற்று வெல்வார் என்று ஏடு முழங்கியது. நடந்தது என்ன? பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பெற்று வென்றார். 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே! ஏடு எங்கே சறுக்கியது? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகளை எடுத்திருந்தது. பெருமந்தத்தில் வேலையிழந்து, கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஏழைக்கு ஏது தொலைபேசி? அவனிடம் ஏது மோட்டார்? மேலும், சீட்டுக் கிடைத்தவருள்ளும் நால்வரில் ஒருவரே விடை எழுதினர். ரூஸ்வெல்ட் மீது சினங்கொண்டவர்களே அதில் மிகுதி. ஏழை எண்ணப்படவில்லை, ஆகவே எண்ணிக்கை பொய்த்தது. அதே ஆண்டில் ஜார்ஜ் கேலப், அதனினும் மிகச் சிறிய தொகையினரைப் பல தரப்பிலிருந்தும் தேர்ந்து கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். பெருங்கூட்டத்தைக் கேட்பது பெரிதன்று, கிளறிக் கேட்பதே பெரிது என்று உலகம் உணர்ந்தது.

அன்று முதல் கிளறும் கலை வளர்ந்தது. ஆனால் இரண்டாவது நிபந்தனை? அதை எந்தக் கலையாலும் நிறைவேற்ற முடியாது. அரிசி கொதிக்க நேரம் வேண்டும். முதனிலைத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பு பெரும்பாலான மக்கள் வேட்பாளர்களைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியே இருப்பதில்லை. வயலில், ஆலையில், மருத்துவச் செலவில், மகளின் படிப்பில் மூழ்கியிருப்பவரைத் தொலைபேசியில் அழைத்துப் பத்துப் பெயர்களைப் படித்தால், அவர் தமக்குத் தெரிந்த பெயரைச் சொல்வார். அது நினைவு, எண்ணம் ஆகாது. அடுப்பு மூட்டுமுன் பானையில் கைவிட்டு, அரிசி வேகவில்லை என்றோ வெந்துவிட்டது என்றோ சொல்வதில் என்ன பொருள்?

வரலாறு இதற்குச் சான்று கூறும். ஜார்ஜியா மாநில ஆளுநராயிருந்த ஜிம்மி கார்ட்டர் 1974 டிசம்பரில் தம் போட்டியை அறிவித்தபோது, நாடெங்கும் எடுத்த கணிப்புகளில் அவர் பெயர் கண்ணுக்குத் தெரியாத மூலையில் கிடந்தது. "எந்த ஜிம்மி?" என்று கேலி செய்தனர். அவர் அயோவா மாநிலத்தின் வீடு வீடாகச் சென்றார். 1976-இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2003-ஆம் ஆண்டின் முற்பகுதிக் கணிப்புகள் பலவற்றில் ஜனநாயகக் கட்சியில் முன்னின்றவர் ஜோ லீபர்மன். 2000-த்தில் துணைத் தலைவர் பதவிக்கு நின்றதால் ஊரறிந்த பெயர். 2004 பிப்ரவரியில், ஒரு மாநிலத்தையும் வெல்லாமல் அவர் விலகினார். 2007-ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் குடியரசுக் கட்சியினரிடையே முன்னின்றவர் நியூயார்க் நகர மேயராயிருந்த ரூடி ஜூலியானி. 2008 சனவரி 30-இல் அவரும் அவ்வாறே, ஒரு மாநிலமும் கைவராமல் களம் விட்டகன்றார்.

மாற்றுச் சான்றுகளும் உண்டு, மறைத்தல் நேர்மையாகாது. 2015 ஜூலை முதல் டொனால்ட் டிரம்ப் கணிப்புகளில் முன்னின்றபோது, அறிஞர் பலர் அதனை எள்ளி நகையாடினர், கணிப்பே மெய்யாயிற்று. 2019-இல் ஜோ பைடன் தம் போட்டியை அறிவிக்கு முன்னரே முன்னின்றார்; 2020 தொடக்கத்தில் அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் சரிந்தார்; பின் எழுந்து வென்றார். ஆகவே கணிப்பு எப்போதும் தவறும் என்பது என் வழக்கன்று. சரியாகும்போதும் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதே வழக்கு.

மனிதன் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு கூசுகிறான் என்பதற்கு ஓர் ஆய்வைக் கூறுவேன். சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிஷப்பும் அவர் தோழர்களும் 1970-களின் இறுதியில், '1975-ஆம் ஆண்டுப் பொது நலச் சட்டம்' பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டனர். ஏறத்தாழ மூவரில் ஒருவர், ஆதரிக்கிறேன் என்றோ எதிர்க்கிறேன் என்றோ விடை பகர்ந்தனர். வேடிக்கை என்னவெனில், அப்படி ஒரு சட்டமே கிடையாது! இல்லாத சட்டத்துக்கே கருத்துக் கிடைக்குமாயின், இன்னும் வேட்பாளராகாத மனிதருக்குக் கிடைப்பதில் வியப்பென்ன? கேள்வி கேட்டவர் பொய் சொல்லவில்லை. விடை கூறியவரும் தீயவர் அல்லர். அறியாமையை ஒப்புக்கொள்ளும் துணிவு ஒரு நொடி தவறிற்று. அந்த ஒரு நொடியைத்தான் கணிப்பு 'மக்கள் கருத்து' என்று முத்திரை குத்தி வெளியிடுகிறது.

இதுவரை கூறியது அறிவைப் பற்றிய கேள்வி. இனிமேல்தான் அறத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது.

எண்ணிக்கை ஏட்டோடு நின்றால் எவருக்கும் கேடில்லை. அது வாயிற்காவலன் ஆகும்போதுதான் கேடு தொடங்குகிறது. 2015 ஆகஸ்ட் 6-இல் கிளீவ்லாந்து நகரில் குடியரசுக் கட்சியின் முதல் விவாத மேடை அமைந்தது. போட்டியிட்டோர் பதினெழுவர். நாடு தழுவிய ஐந்து கணிப்புகளின் சராசரியில் முதல் பத்து இடம் பெற்றோருக்கே முதன்மை மேடை. மற்ற எழுவருக்கு, மக்கள் அலுவல் முடிந்து வீடு திரும்பாத நேரத்தில் ஒரு சிறு மேடை. பத்தாம் இடத்தவர் ஓகையோ ஆளுநர் ஜான் கேசிக். பதினோராம் இடத்தவர் டெக்சாஸ் மாநிலத்தைப் பதினான்கு ஆண்டுகள் ஆண்ட ரிக் பெர்ரி. இருவருக்கும் இடையே இருந்தது ஒன்றிரண்டு விழுக்காடு. ஐந்து வாரங்களில் பெர்ரி போட்டியிலிருந்தே விலகினார். 2019-இல் ஜனநாயகக் கட்சி, மூன்று கணிப்புகளில் நூற்றுக்கு ஒன்று, அல்லது 65,000 பேரின் நன்கொடை என்று அளவுகோல் வைத்தது. மூன்றாம் விவாதத்திற்குள் அது நான்கு கணிப்புகளில் நூற்றுக்கு இரண்டு, அத்துடன் 130,000 பேரின் நன்கொடை என்று உயர்ந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்சியினர் 400 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று என்றால் 12 பேர். நூற்றுக்கு இரண்டு என்றால் 8 பேர். நான்கே பேர்! அன்று தொலைபேசியை எடுத்த நால்வர் மாறினால் வரிசையே மாறும். இந்த அளவு வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடியது என்பதைக் கணிப்பாளரே மறுக்கமாட்டார். அப்படியிருக்க, பேச வந்தவனின் வாயை அடைக்க அந்த நால்வர் போதும் என்பது எந்த நீதி? சிந்தையில் பதிய மேடை வேண்டும். மேடை கிடைக்கச் சிந்தையில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். நீந்தக் கற்ற பிறகே நீரில் இறங்கலாம் என்ற கதைதான் இது.

இதைக் கண்டு மனச்சான்று உறுத்திய கணிப்பாளரும் உண்டு என்பதை மகிழ்ச்சியோடு கூறவேண்டும். விவாத மேடையின் வாயிலாகத் தம் எண்கள் ஆளப்படுவதை ஏற்காமல், மாரிஸ்ட் கல்லூரியின் கணிப்பு நிலையம் 2015-இல் அந்த விவாதத்திற்கு முன் இக்கணிப்பை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு அக்டோபரில், இந்தக் கலைக்கே தந்தை எனப்பட்ட கேலப்பின் பெயர் தாங்கிய நிறுவனம், முதனிலைத் தேர்தலில் யார் முந்துகிறார் என்ற கணிப்பை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது. தராசு செய்தவனே அதைத் தொடத் தயங்குகிறான். தராசைத் தெய்வமாக்கியவர்கள்தாம் தயங்குவதில்லை!

ஆயினும், மேடை மறுக்கப்படுவதைவிடப் பெருங்கேடு ஒன்று உண்டு. அது வாக்காளனின் உள்ளத்திற்குள் நிகழ்வது.

'லிட்டரரி டைஜஸ்ட்' தவறிய அதே 1936-இல், பொருளியல் அறிஞர் கெயின்ஸ் தம் நூலொன்றில் ஓர் உவமை கூறினார். ஏடு ஒன்று நூறு முகங்களை அச்சிட்டு, மிக அழகிய ஆறு முகங்களைத் தேர்க என்று போட்டி வைக்கிறது. பெரும்பான்மையோர் தேர்வோடு யாருடைய தேர்வு ஒத்திருக்கிறதோ அவருக்கே பரிசு. இப்போது போட்டியாளன் தன் கண்ணுக்கு அழகானதைத் தேர்வதில்லை. பிறர் கண்ணுக்கு எது அழகாகும் என்று எண்ணுகிறான். பிறரும் அவ்வாறே எண்ணுவர் என்பதால், பிறர் பிறரைப் பற்றி என்ன எண்ணுவர் என்று எண்ணத் தொடங்குகிறான். முடிவில், எவர் கண்ணுக்கும் அழகில்லாத முகம்கூட முதற்பரிசு பெறலாம். பங்குச் சந்தையைப் பற்றி அவர் சொன்ன உவமை இது. முதனிலைத் தேர்தலுக்கு இதைவிடப் பொருந்தும் உவமையை நான் காணவில்லை. "யார் நல்லவர்?" என்ற கேள்வி மறைகிறது, "யார் வெல்லக்கூடியவர்?" என்ற கேள்வி அரியணை ஏறுகிறது.

2019 ஜூனில் இப்சாஸ் என்ற நிறுவனம் ஜனநாயகக் கட்சியினரிடமும் கட்சி சாராதோரிடமும் கேட்டது. பெண்ணொருத்தி குடியரசுத் தலைவரானால் எனக்கு இசைவே என்றோர் நூற்றுக்கு 74 பேர். உன் அண்டை வீட்டார்க்கு? இசைவாக இருக்கும் என்றோர் 33 பேர்தாம்! படித்தபோது என் வகுப்பு என் கண்முன் எழுந்தது. அண்டை வீட்டான் யார்? அவனும் இதே நாட்டவன்தானே? அவனைக் கேட்டால், எனக்கு இசைவு, என் அண்டை வீட்டானைத்தான் நம்பமுடியாது என்பான். ஒவ்வொருவனும் தன் வீட்டில் நல்லவன். தீயவன் எப்போதும் அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறான். இல்லாத அந்த ஒருவனுக்கு அஞ்சி, இருக்கின்ற அத்தனை பேரும் தம் விருப்பத்தைத் தாமே நசுக்குகின்றனர்.

தோழர்களே, இதுதான் கொடுமையிலும் கொடுமை. வெறுப்பை உடையவன் வெறுப்பின்படி வாக்களித்தால் அவனோடு வாதாடலாம், அவன் மடமையைச் சுட்டலாம், திருத்தலாம். வெறுப்பே இல்லாதவன், பிறர் வெறுப்பர் என்றெண்ணி அதே வாக்கை அளித்தால் எவரோடு வாதாடுவது? "நான் அப்படியில்லை" என்று அவன் கை கழுவுகிறான். ஆனால் வாக்குப் பெட்டிக்கு அந்த வேறுபாடு தெரியுமா? வெறுத்தவன் வாக்கும், வெறுப்பருக்கு அஞ்சியவன் வாக்கும் அதனுள் ஒன்றாகவே விழுகின்றன, ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

இந்த அச்சம் உடைந்த காட்சியையும் அமெரிக்க வரலாறு காட்டுகிறது. கத்தோலிக்கர் குடியரசுத் தலைவராக முடியாது என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. 1928-இல் கத்தோலிக்கரான அல் ஸ்மித் தோற்றார். சமயக் காழ்ப்பும் அதற்கொரு காரணம். 1960-இல் ஜான் கென்னடி வந்தார். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கத்தோலிக்கர் மிகச் சிலரே. அங்கே அவருக்காக லூ ஹாரிஸ் எடுத்த முதல் கணிப்பில் கென்னடிக்கு 70, ஹம்ப்ரிக்கு 30. மக்கள் அவர் சமயத்தை அறிந்தபின் எடுத்த கணிப்பிலோ ஹம்ப்ரிக்கு 60, கென்னடிக்கு 40. எண்ணிக்கையை வணங்குபவர் அன்றே மூட்டை கட்டியிருப்பர். கென்னடி மக்களிடம் சென்றார். சமயத்தைப் பற்றிய கேள்வியை ஒளிக்காமல் எடுத்துப் பேசினார். 1960 மே 10-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 61 வாக்குகள் பெற்று வென்றார். பணமும் அமைப்பும் அவருக்குத் துணை நின்றன என்பது உண்மை. எனினும், அதே மக்கள், சில மாதங்களில், மும்முறை மூன்று விடை தந்தனர் என்பதை மறவாதீர். முதல் விடை பெயருக்கு. இரண்டாம் விடை அச்சத்துக்கு. மூன்றாவது விடைதான், கேட்டு, எதிர்த்து, எண்ணிப் பார்த்தபின் தந்த விடை.

2007-இல் பராக் ஒபாமா போட்டியிட்டபோது, கறுப்பின மக்களிடையே எடுத்த கணிப்புகள் பலவற்றில்கூட ஹிலாரி கிளிண்டனே முன்னின்றார். காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று, வெள்ளையர் இவருக்கு வாக்களிப்பாரா என்ற ஐயம். நூற்றாண்டுகளின் வடுப்பட்ட உள்ளத்தில் அந்த ஐயம் எழுந்ததைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. 2008 சனவரி 3-இல், மிகப் பெரும்பாலோர் வெள்ளையராயுள்ள அயோவாவில் ஒபாமா வென்றார். சனவரி 26-இல் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளருள் ஐவரில் நால்வர் அளவுக்கு அவர் பக்கம் நின்றனர். விருப்பம் புதிதாகப் பிறந்ததா? இல்லை. உள்ளே உறங்கிய விருப்பத்தின் மேல் கிடந்த 'மற்றவர்கள்' என்ற பாறை உருண்டோடிற்று. அயோவாவின் மக்கள் கணிப்பைப் பார்த்துவிட்டு அடங்கியிருந்தால், அந்தப் பாறை என்றைக்கு உருண்டிருக்கும்?

கேலப் நிறுவனமே நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி உண்டு. தகுதியுள்ள பெண்ணுக்கு வாக்களிப்பீரா என்றதற்கு, 1937-இல் ஆம் என்றோர் நூற்றுக்கு 33. 2020 சனவரியில் 93. கறுப்பினத்தவர்க்கு 1958-இல் 38, 2020-இல் 96. கடவுள் நம்பிக்கையற்றவர்க்கு 1958-இல் 18, 2020-இல் 60. இந்த எண்கள் தாமாக ஏறினவா? 18 என்பதைக் கண்டு, இதுதான் மக்கள் கருத்து, இதற்குமேல் பேசுவது வீண் என்று ஒவ்வொருவரும் வாய்மூடியிருந்தால் அது இன்றும் 18-ஆகவே இருந்திருக்கும். எண்ணிக்கையை மாற்றியவர்கள், எண்ணிக்கைக்குப் பணியாதவர்கள்.

"இளமையின் வேகத்தில் பேசுகிறாய். தோற்பது திண்ணம் என்று தெரிந்தும் ஒருவரை நிறுத்தி, பெருந்தீமைக்கு வழிவிடுவது அறமா?" என்று மூத்தோர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. இறுதித் தேர்தலில் இருவரே எஞ்சும்போது, தீமை குறைந்தவரைத் தேர்தல் கடமையாகவே ஆகலாம். ஆனால் முதனிலைத் தேர்தல் ஏற்பட்டதே, அந்த இருவர் யாராக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு! அங்கும் நம் விருப்பத்தை அடக்கிக்கொண்டால், பின் அதை எங்கே சொல்வது? ஒருவர் வெல்லும் திறமுடையவரா என்று ஆராய்வதை நான் தடுக்கவில்லை. அவர் பேச்சைக் கேள், செயலைப் பார், எதிரியின் கேள்விக்கு எப்படி நிற்கிறார் என்று நோக்கு. அது ஆராய்ச்சி. பக்கத்து வீட்டான் வெறுப்பான் என்ற ஊகத்தை நூறு பேரிடம் திரட்டி, விழுக்காடு போட்டுத் தந்தால் அது ஆராய்ச்சியாகாது. ஊர் வம்பு இலக்கம் அணிந்து வந்ததாகும்.

"பெண் நின்றார், தோற்றாரே! 2016-இலும் 2024-இலும் பார்க்கவில்லையா?" என்பர். பார்த்தோம். 2016-இல் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஹிலாரி கிளிண்டன், மக்கள் வாக்கில் ஏறத்தாழ 29 இலட்சம் மிகுதியாகப் பெற்றிருந்தார் என்பதையும் பார்த்தோம். அந்நாட்டுத் தேர்வாளர் குழு முறையே முடிவை மாற்றியது. 2024-இல் கமலா ஹாரிஸ் தோற்றதற்குப் பலரும் பல காரணங்களை அடுக்கினர். தோல்வி தோல்விதான், மறுக்கவில்லை. ஆனால் 1928-இல் அல் ஸ்மித் தோற்றதால், 1960-இல் கென்னடி நின்றது பிழையாகிவிட்டதா? தோல்வியைத் தகுதியின்மைக்குச் சான்றாக எழுதினால், இதுவரை ஆண்டவரைத் தவிர வேறெவரும் இனி ஆள முடியாது.

கணிப்பைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. தடுத்தால், "மக்கள் எம் பக்கமே" என்று முழங்கும் தலைவனின் வாய்க்குப் பூட்டுப் போட ஆளிராது. முகம் பார்க்கும் கண்ணாடியாக அது இருக்கட்டும். ஆனால் கண்ணாடியிடம் போய், நான் எப்படி இருக்க வேண்டும் என்று எவனாவது கேட்பானா? யார் சொன்னாலும் பொருளின் மெய்யைத் தேர்ந்து பார் என்பது வள்ளுவர் நமக்குத் தந்த வழி. 'யார்' என்ற இடத்தில் முனிவரும் நிற்கலாம், மன்னரும் நிற்கலாம், நூற்றுக்கு அறுபது பேரும் நிற்கலாம். அறுபது பேர் சொன்னார்கள் என்பது, அறுபது பேர் சொன்னார்கள் என்பதற்கு மட்டுமே சான்று.

ஆகவே, பகுத்தறிவு பேசும் இளைஞர்களே, எந்த நாட்டுக் கணிப்பு ஏட்டில் வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரைக் கேட்டனர்? எண்ணிப் பார்த்தபின் சொன்னார்களா, நினைவில் வந்ததைச் சொன்னார்களா? இந்த எண்ணைக் காட்டி யாருடைய வாய் அடைக்கப்படுகிறது? நான்காவது கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படிக்குமுன் என் முடிவு என்னவாக இருந்தது? அதற்கு உங்களிடம் விடையில்லையெனில், ஏட்டை மடித்து வைத்துவிட்டு, முதலில் உங்கள் விடையைத் தேடுங்கள்.

என் வகுப்பில் இப்போது கை தூக்கும் வழக்கம் இல்லை. தாளும் பெட்டியும்தான். அத்துடன் ஒரு விதியும் சேர்த்திருக்கிறேன்: பெயருக்குக் கீழே, ஏன் இவர் என்று ஒரு வரி எழுத வேண்டும். சென்ற முறை பெட்டியைத் திறந்தபோது "எல்லாரும் இவனைத்தான் சொல்கிறார்கள்" என்று ஐந்து தாள்களில் இருந்தது. அந்த ஐந்தையும் நான் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன், வாக்கு வாக்குத்தான். ஆனால் மறுநாள் பாடத்தை அந்த ஐந்து தாள்களிலிருந்துதான் தொடங்கினேன்.